கொழுக்கட்டை எழுத்து

1998 முதல் 2003 வரை நாங்கள் மூவர் சேர்ந்து கும்பகோணத்திலிருந்து ஒரு சிற்றிதழ் நடத்தினோம். காலாண்டிதழ் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் கைக்காசு சேரும்போதுதான் வரும். பதினொரு இதழ்கள் வெளிவந்தன. பன்னிரண்டாவது மெய்ப்பு நிலையிலேயே நின்றுபோயிற்று. தமிழில் சிற்றிதழ்கள் பிறந்து மறைவது புதிதன்று என்பதால் அதைப் பற்றிய புலம்பல் இங்கே தேவையில்லை. அவ்விதழை முன்னிட்டு எழுத்துகளின் உருவம் பற்றி நாங்கள் கொண்டிருந்த ஓர் இறுமாப்பையும், அது கலைந்த விதத்தையும் பற்றியே இக்கட்டுரை.

எங்கள் இதழில் எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். ஒன்பது பாயிண்ட், மெல்லிய கோடு, நெருக்கமான வரிகள். கேட்பவர்களிடம் காகித விலையைக் காரணமாகச் சொல்வோம். அது பாதி உண்மை. மற்ற பாதியை எங்களுக்குள்ளேகூட நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை. பெரிய எழுத்தும் தடித்த எழுத்தும் வெகுஜனப் பத்திரிகைக்கும் சினிமாச் சுவரொட்டிக்கும் உரியவை, இலக்கியம் தாழ்ந்த குரலில் பேசுவது, அதைக் கேட்க விரும்புகிறவர் காதை அருகில் கொண்டுவரட்டும் என்ற எண்ணமே அது.

அட்டையில் ஆங்கிலத்திலும் இதழின் பெயரைப் போடுவதற்காக அச்சக உரிமையாளர் ஒருமுறை எழுத்துரு மாதிரிகளை எங்கள்முன் விரித்தார். அவற்றுள் ஒன்று உப்பி, உருண்டு, நுனிகளெல்லாம் மழுங்கிக் கிடந்தது. இட்லித் தட்டிலிருந்து அப்போதுதான் எடுத்து வைத்தாற்போல் இருந்தது. எங்களில் ஒருவர் அதற்குக் 'கொழுக்கட்டை எழுத்து' என்று பெயரிட்டார். மூவரும் சிரித்தோம். மெல்லிய கோடுகளும் கத்தி முனைபோன்ற பாதங்களும் கொண்ட வேறொன்றைத் தேர்ந்தெடுத்து வந்தோம். கொழுக்கட்டையின் உண்மைப் பெயர் கூப்பர் பிளாக் என்பதை அறிந்துகொள்ள எங்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இதழின் முதல் சந்தாதாரரும் மெய்ப்புத் திருத்துநரும் எங்கள் மூவருக்கும் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். அவரைச் சார் என்றே இங்கும் குறிப்பிடுகிறோம். அப்போதுதான் பணி ஓய்வு பெற்றிருந்தார். ஒவ்வோர் இதழின் மெய்ப்பையும் திண்ணையில் வெளிச்சம் படும்படி வைத்துக்கொண்டு, கையில் ஒரு பூதக்கண்ணாடியுடன் வரிவரியாகப் பார்ப்பார். திருப்பித் தரும்போது தவறாமல் ஒரு வாக்கியம் சொல்வார்: "எழுத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணக் கூடாதாப்பா?" நாங்கள் காகித விலையைச் சொல்வோம். அவர் தலையசைப்பார். பூதக்கண்ணாடியை அவருடைய சிரத்தையின் அடையாளமாகவே நாங்கள் எடுத்துக்கொண்டோம். கண்ணின் தேவையாக இருக்கலாம் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

பதினோராம் இதழில் ஒரு கவிதையில் ஒரு வரி விடுபட்டுப் போயிற்று. கவிஞர் கடுமையாகக் கடிதம் எழுதினார். சாருக்கு முன்போல் கவனம் இல்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பன்னிரண்டாம் இதழின் மெய்ப்பை அவருக்கு அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று அவர் கேட்கவுமில்லை.

*

2017இல் சாருக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி முன்பே காலமாகிவிட்டார். மகள் பெங்களூரில். விழித்திரையின் மையப்பகுதி சிதைந்து வருகிறது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஓரப்பார்வை இருக்கும். ஆனால் எதை நேராகப் பார்க்கிறோமோ அது மட்டும் கலங்கிப்போகும். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று தெரியும், முகம் தெரியாது. வாழ்நாளெல்லாம் வாசித்தே கழித்த மனிதருக்கு வாய்த்த நோய் இது. ஒருநாள் காலை மாத்திரைக்குப் பதில் இரவு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கூடத்தில் மயங்கி விழுந்தார். அதன் பிறகு மாத்திரை டப்பாக்களுக்கும் சமையலறைப் புட்டிகளுக்கும் சீட்டு ஒட்டித் தரும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். மருந்தின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவருக்கும் ஆங்கிலமே கைப்பழக்கம். ஆகவே ஆங்கிலத்திலேயே அச்சிட்டோம்.

முதலில் எங்கள் பழைய ரசனைப்படி, அட்டைக்குத் தேர்ந்தெடுத்த அதே வகை எழுத்தில், நாற்பத்தெட்டு பாயிண்ட் அளவில் அச்சிட்டுக் கொண்டுபோனோம். சீட்டை முகத்தருகே பிடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால் நெடுநேரம் பார்த்தார். "கம்பிக் கதவு மாதிரி குச்சி குச்சியா நிக்குதுப்பா. எழுத்தைக் காணோமே" என்றார். அவர் சொன்னதன் பொருள் பிறகு விளங்கியது. அவ்வகை எழுத்தில் செங்குத்துக் கோடுகள் தடித்தும் இணைப்புக் கோடுகள் மயிரிழையாகவும் இருக்கும். மங்கிய கண்ணுக்கு மயிரிழைகள் மறைந்துவிடுகின்றன, குச்சிகள் மட்டும் எஞ்சுகின்றன. எழுத்தை எழுத்தாக்குவதோ அந்த இணைப்புகள்தாம்.

அடுத்து, பாதங்கள் இல்லாத எளிய தடித்த எழுத்துகள் சிலவற்றை அச்சிட்டோம். அவை ஓரளவு தெரிந்தன. எங்களில் ஒருவர், விளையாட்டாகத்தான், மைக்ரோசாஃப்ட் ஆபீஸுடன் கணினிக்கு வந்து சேர்ந்திருந்த கொழுக்கட்டையிலும் ஒரு சீட்டு அச்சிட்டிருந்தார். சார் அதைக் கையில் வாங்கியதும் 'மார்னிங்' என்று படித்தார். பிறகு சீட்டைத் தள்ளிப் பிடித்தும் படித்தார்.

"இவன் தெரியறான்ப்பா" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று இரவுதான் அந்த எழுத்தின் வரலாற்றைத் தேடத் தொடங்கினோம்.

*

ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் 1879இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மவுண்ட் கிலியட் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது கான்சாஸ் மாநிலத்துக் காஃபிவில்லில். ஓவியராகும் ஆசையில் சிகாகோ சென்று ஃபிராங்க் ஹோம் நடத்திய சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே எழுத்து வரையக் கற்பித்தவர், பின்னாளில் அமெரிக்க எழுத்துருக் கலையின் பெரும்பெயராக விளங்கிய ஃபிரெடெரிக் கௌடி. உடன் பயின்றவர்களில் டபிள்யூ. ஏ. டுவிக்கின்ஸும் ஒருவர். கூப்பர் சித்திரத்தை விட்டு எழுத்துக்குத் திரும்பினார். 1904இல் ஃபிரெட் பெர்ட்ஷ் என்பவருடன் சேர்ந்து ஒரு வடிவமைப்பு நிறுவனம் தொடங்கினார். விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து தருவதே அவருடைய அன்றாடப் பிழைப்பு.

அவர் கையெழுத்தின் அழகைக் கண்ட பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்ற சிகாகோ எழுத்து வார்ப்பகம் அதை ஈயத்தில் வார்க்க முன்வந்தது. முதலில் வந்தது கூப்பர் ஓல்ட் ஸ்டைல் என்னும் சாதாரணத் தடிப்புள்ள எழுத்து. அதன் கனத்த உடன்பிறப்பாக 1922இல் வெளிவந்ததே கூப்பர் பிளாக். அச்சகங்கள் அதை வாங்கிக் குவித்தன. தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்காகவும் கிட்டப்பார்வையுள்ள அவர்களது வாடிக்கையாளருக்காகவும் செய்த எழுத்து இது என்று கூப்பர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. சாரின் நோய் கிட்டப்பார்வை அன்று. ஆனாலும் அந்த வேடிக்கையைப் படித்தபோது எங்களால் சிரிக்க முடியவில்லை.

தடித்த தலைப்பெழுத்து கூப்பருக்கு முன்பே நூறாண்டுக் கால வரலாறு உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ராபர்ட் தார்ன் போன்ற வார்ப்பாளர்கள் புத்தக எழுத்தை ஊதிப் பெருக்கி 'கொழுத்த முகம்' என்ற வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். லாட்டரி விளம்பரச் சீட்டுகளுக்கு அது மிகவும் ஏற்றதாக இருந்தது. 1820இல் தார்ன் இறந்தபின் அவருடைய வார்ப்பகத்தை வாங்கிய வில்லியம் தரோகுட், லாட்டரியில் விழுந்த பணத்தைக் கொண்டே அதை வாங்கினார் என்பது அச்சு வரலாற்றில் வழங்கிவரும் சுவையான செய்தி. அந்தக் கொழுத்த முகங்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவை கனமானவை என்றாலும் மென்மையானவை அல்ல. தடித்த தண்டும் மயிரிழைப் பாதமும் கடுமையாக மோதிக்கொள்ளும். கூட்டத்தில் எழுந்து நின்று கத்துகிறவரின் குரல் அது.

கூப்பர் பிளாக்கின் இயல்பு வேறு. அதில் கூர்முனை என்று ஒன்றுமே இல்லை. கோடுகளின் நுனியில் வரும் செரிஃப் எனப்படும் சிறு பாதங்கள்கூட மழுங்கி உருண்டு, ஈர மணலில் கால் பதித்தாற்போல் இருக்கின்றன. தடிப்புக்கும் மெலிவுக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் மெலிந்த இடமும் மெலிந்து மறையாத அளவுக்குக் கனமாகவே இருக்கிறது. 'ஓ' என்ற எழுத்து நேராக நிற்காமல் சற்றே பின்னுக்குச் சாய்ந்து, உண்டபின் திண்ணைத் தூணில் சாய்ந்தவர்போல் இளைப்பாறுகிறது. சிறிய 'ஐ'யின் தலைமேல் உள்ள புள்ளியும் வட்டமாக இல்லாமல் சாய்ந்த முட்டை வடிவில் இருக்கிறது. தூரிகையில் எழுதிப் பழகிய கையின் சாயல் இவற்றிலெல்லாம் தெரிகிறது.

இந்த மழுக்கத்தில் தொழில் நுணுக்கம் ஒன்றும் உண்டு. வட்டமான எழுத்தையும் தட்டையான பாதமுள்ள எழுத்தையும் ஒரே உயரத்தில் வரைந்தால் வட்டமானது சிறியதாகத் தோன்றும். ஆகவே எழுத்து நிற்கும் கோட்டைச் சற்றே தாண்டும்படி வட்டங்களை வரைவது எழுத்துருக் கலைஞர்களின் வழக்கம். கூப்பர் பிளாக்கிலோ பாதங்களின் அடிப்பகுதியும் வளைந்தே இருக்கிறது. எல்லாமே உருண்டிருப்பதால் உருண்டதற்கும் தட்டைக்கும் இடையிலான பேதமே எழுவதில்லை. எழுத்துகள் தோளோடு தோள் உரசி ஒரே குடும்பமாக அமர்ந்துவிடுகின்றன.

ஈய எழுத்துக் காலத்தை அறிந்தவர்களுக்கு மற்றொரு பயனும் விளங்கும். ஈயத்தில் முதலில் தேய்வது கூர்முனைகளே. மட்டமான காகிதம் மையை உறிஞ்சும்போது முதலில் கலங்குவதும் அவையே. நுனி மழுங்கியே பிறந்த எழுத்துக்கு இழக்க நுனி இல்லை. தேய்ந்த அச்சு, தண்ணீராய் ஓடும் மை, சாணிக் காகிதம், அவசரக் கைகள் ஆகிய அனைத்தையும் அது பொறுத்துக்கொள்ளும். மங்கிய கண்ணையும் பொறுத்துக்கொண்டது என்பதை நாங்கள் நேரில் கண்டோம். நேர்த்தியான எழுத்துகள் நல்ல காகிதத்தையும் நல்ல கண்ணையும் எதிர்பார்க்கின்றன. கூப்பர் பிளாக் நம்மிடம் அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை.

*

இந்த எழுத்தை எள்ளியவர்கள் நாங்கள் மட்டும் அல்லர் என்பதை அறிந்தபோது சிறிது ஆறுதலாகவும் சிறிது வெட்கமாகவும் இருந்தது. வெளிவந்த காலத்திலேயே பழமை பேணும் அச்சுக்கலைஞர்கள் இதைக் 'கருப்பு அபாயம்' என்று பழித்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் சந்தை அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. போட்டி வார்ப்பகங்கள் இதைப்போன்ற எழுத்துகளை அவசரமாக இறக்கின. லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனம் கூப்பரின் ஆசிரியரான கௌடியிடமே சென்று, 1925இல் கௌடி ஹெவிஃபேஸ் என்ற கனத்த எழுத்தை வாங்கிக்கொண்டது. மாணவனின் கொழுக்கட்டைக்குப் போட்டியாக ஆசிரியரும் மாவு பிசைய நேர்ந்தது.

கூப்பர் 1940இல் மறைந்தார். அவருடைய எழுத்துக்கு இரண்டாம் வாழ்வு அதற்குப் பின்னரே வாய்த்தது. 1960களில் ஈயத்தின் இடத்தைப் புகைப்பட முறை எழுத்துக்கோப்பும், தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களும் பிடித்தன. ஈய எழுத்து ஒவ்வொன்றும் தன் கட்டைக்குள் அடைபட்டது, ஓரளவுக்குமேல் நெருங்காது. புதிய முறையில் எழுத்துகளை எவ்வளவு வேண்டுமானாலும் நெருக்கலாம், ஒன்றன்மேல் ஒன்று சாய்க்கலாம். உருண்டைகளை நெருக்கினால் வரும் அழகு கூர்முனைகளை நெருக்கினால் வராது. 1966இல் பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு வெளிவந்தது. உறையில் இளைஞர்கள் விலங்குக் காட்சிசாலையில் ஆடுகளுக்குத் தீனி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தலைக்குமேல் பச்சைப் பட்டையில் குழுவின் பெயரும் பாடல்களின் பெயர்களும் நெருங்கி நிற்பது கூப்பர் பிளாக்கில்தான். 1968இல் பிரிட்டனில் தொடங்கிய 'டாட்ஸ் ஆர்மி' என்ற நகைச்சுவைத் தொடரின் தலைப்பும் அதிலேயே அமைந்தது. 1970களில் பனியன்களில் சூடேற்றி ஒட்டும் எழுத்துகளுக்கு இதுவே விருப்பத் தேர்வாயிற்று. மெல்லிய கோடுகள் துவைப்பில் உரிந்துவிடும், இது உரியாது. 1995இல் தொடங்கிய ஈஸிஜெட் விமான நிறுவனம் ஆரஞ்சு நிறத்தில் இதே எழுத்தைத் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. மலிவான கட்டணத்தில் பறக்கலாம், பயப்படாமல் ஏறுங்கள் என்று சொல்ல இதைவிட ஏற்ற முகம் வேறு எது?

இப்பயன்களை வரிசைப்படுத்திப் பார்க்கையில் இவ்வெழுத்தின் குணம் தெளிவாகிறது. அது பெரியதாக இருந்தும் மிரட்டுவதில்லை. அதிகாரத்தின் அறிவிப்பை இதில் அச்சிட்டால் கேலியாகிவிடும். நீதிமன்றச் சம்மனையோ இரங்கல் செய்தியையோ கூப்பர் பிளாக்கில் எண்ணிப் பாருங்கள். கடைப்பலகை, குழந்தைப் புத்தகம், தின்பண்ட உறை, இசைத்தட்டு என்று மனிதரை 'வாங்க' என்றழைக்கும் இடங்களிலெல்லாம் அது இயல்பாகப் பொருந்துகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நான்கு சொற்களுக்குமேல் இதில் வாசிப்பது களைப்பூட்டும். 'ஏ', 'இ' போன்ற சிறிய ஆங்கில எழுத்துகளின் உள்வெளி மிகக் குறுகியது, அளவு சிறுத்தால் மையில் அடைபட்டுவிடும். சாரும் ஒரு மருந்தின் பெயரில் இவ்விரண்டையும் மாற்றிப் படித்தார். அதன்பின் எழுத்துகளுக்கு இடையில் சற்று அதிகமாக இடம்விட்டு, அளவையும் கூட்டி அச்சிட்டோம். பார்வைக் குறைவுள்ளவர்களுக்கென்று நூல் அச்சிடுவோர் பாதங்களற்ற எளிய எழுத்தையே பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்த வீட்டில், அந்தக் கண்ணுக்கு, இது தெரிந்தது என்று மட்டுமே நாங்கள் சொல்கிறோம்.

*

நான்கு ஆண்டுகள் சாரின் வீட்டுக்கான சீட்டுகளை நாங்களே அச்சிட்டோம். உப்பு, சர்க்கரை, காலை, இரவு, மகளின் தொலைபேசி எண் என்று வீடு முழுவதும் கொழுக்கட்டை நிறைந்திருந்தது. ஒருநாள் பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க பத்திரிகையை இந்த எழுத்தில போட்டிருந்தீங்கன்னா அந்தக் கவிதையில விட்டுப்போன வரி என் கண்ணுல பட்டிருக்கும்."

பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வரி. நாங்கள் எங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டதாக நினைத்திருந்தோம். பன்னிரண்டாம் மெய்ப்பு தமக்கு ஏன் வரவில்லை என்பதை அவர் அன்றே அறிந்திருக்கிறார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரே பேச்சை மாற்றி, காபி போடச் சொன்னார். சர்க்கரைப் புட்டி எது என்று எங்களுக்குக் கைகாட்டினார்.

சார் 2021இல் காலமானார்.

ரசனை என்பது எதை விலக்க வேண்டும் என்று அறிவதே என எண்ணியிருந்தோம். ஒன்பது பாயிண்ட் எழுத்தால் நாங்கள் விலக்கியது வெகுஜன ரசனையை அன்று. எங்கள் முதல் வாசகரையே விலக்கியிருந்தோம். தாழ்ந்த குரலில் பேசுவது நாகரிகமாக இருக்கலாம். எதிரே இருப்பவருக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த பிறகும், அல்லது தெரிந்துகொள்ள விரும்பாமலே, குரலைத் தாழ்த்திக்கொண்டிருப்பதற்கு வேறு பெயர் உண்டு.

இப்போது அந்தப் பதினொரு இதழ்களையும், அச்சேறாத பன்னிரண்டாவதையும் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறோம். எழுத்து பதினான்கு பாயிண்ட். காகிதச் செலவு எங்கள் கணக்கை மீறிப் போய்க்கொண்டிருக்கிறது. விடுபட்ட வரியை உரிய இடத்தில் சேர்த்துவிட்டோம். அட்டையில் ஆங்கிலப் பெயரைக் கொழுக்கட்டையில் போடுவதா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இருவர் போடலாம் என்கிறோம். அதற்கு அன்று பெயர் சூட்டியவர் மட்டும், உணர்ச்சிவசப்பட்டு அட்டையைக் கெடுக்க வேண்டாம் என்கிறார். சார் இருந்திருந்தால் அவர் பக்கமே பேசியிருப்பார் என்றும் சொல்கிறார். அதுவும் உண்மையாக இருக்கலாம்.